காலதரும் கல்விக்கூடமும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஓடும் கிளமெண்டிச் சாலை 1947 ஆம் ஆண்டு வரை வேறொரு பெயர் தாங்கி நின்றது. தவறிழைத்த சிறுவர்களைத் திருத்துவதற்கென அமைந்த இல்லத்தை ஒட்டி அதற்கு ரிஃபார்மட்டரி ரோடு, அஃதாவது சீர்திருத்தப்பள்ளிச் சாலை, என்று பெயர் வழங்கியது. பின்னர்தான் பிரிட்டிஷ் ஆளுநர் ஒருவரின் பெயர் சாலைக்கு வந்து சேர்ந்தது. கிளமெண்டி என்னும் பெயரைத் தாங்கிய ஆளுநர் இருவர் உளர். 1887 முதல் 1893 வரை ஆண்ட சிசில் கிளமெண்டி ஸ்மித் ஒருவர். 1930 முதல் 1934 வரை ஆண்ட சிசில் கிளமெண்டி மற்றொருவர். இவ்விருவருள் எவரை நினைந்து பெயர் சூட்டப்பட்டது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. பின்னவரின் ஆட்சியில்தான் தமிழ்ப்பள்ளிகளும் சீனப்பள்ளிகளும் பெற்றுவந்த அரசு உதவித்தொகை வெட்டப்பட்டது. அவரே அப்பெயருக்கு உரியவராயின், அந்நகரின் வகுப்பறைகளில் இன்று தமிழ்ப்பிள்ளைகள் அரசின் செலவிலேயே தாய்மொழி பயில்வது வரலாறு செய்யும் மெல்லிய நகை எனலாம்.

1970களின் பிற்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே புதுநகர் எழுப்பியது. அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் ஓங்கின. அவற்றின் இடையிடையே பள்ளிகளும் தோன்றின. 1959 இல் தன்னாட்சி பெற்றதிலிருந்து சிங்கப்பூர் பள்ளி கட்டிய வேகம் பெரிது. ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டியமையால்தான் அவ்வேகம் இயன்றது. அந்த வரைபடத்தை ஊன்றி நோக்குவார்க்கு அதில் காற்று பற்றிய ஒரு கொள்கை புதைந்திருப்பது புலப்படும். கட்டடம் நீண்டது, ஆனால் அகலத்தில் ஒரே ஓர் அறைதான். அறையின் ஒருபுறம் திறந்த நடைக்கூடம், மறுபுறம் வெளிவானம். இரு சுவர்களிலும் சன்னல். ஒரு பக்கம் நுழையும் காற்று மறு பக்கம் வெளியேறுவதற்குத் தடையில்லை. நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் அறைக்குள் நேரே பாய்வதில்லை. மேலே மின்விசிறி. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் நிற்கும் தீவில், பொறியில்லாமல் நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்துவதற்கு இதனினும் சிறந்த வழி அன்று இல்லை.

இவ்வழி எளிதில் கிட்டியதன்று. அதற்கு முந்திய தலைமுறையில் தனியார் முயற்சியால் நடந்த சிறு பள்ளிகள் பல கடைவீடுகளில் இயங்கின. கடைவீடு முகப்பில் குறுகியது, உள்ளே நீண்டது, இருபுறமும் அண்டைவீட்டுச் சுவர். நடுவில் விட்ட முற்றத்தின் வழியாகத்தான் ஒளியும் காற்றும் இறங்க வேண்டும். 1906 இல் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய வந்த பேராசிரியர் சிம்சன், அடுத்த ஆண்டு வெளியான தம் அறிக்கையில் இவ்வீடுகளின் இருளையும் காற்றின்மையையும் கடுமையாகச் சாடினார். காசநோய்க்கும் இவ்வமைப்புக்கும் உள்ள உறவைச் சுட்டினார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைப் பிளந்து பின்சந்துகள் அமைக்கப்பட வேண்டும் என்றார். இன்று லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு பின்சந்து வழியே குறுக்கே நடப்பவர் பலர். அச்சந்து காற்றுக்காக வெட்டப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே.

நிற்க. தமிழில் சன்னல் என்னும் சொல் போர்த்துக்கீசியர் தந்தது. அதற்கு முன்பே தமிழர்க்குக் காலதர் என்றொரு சொல் இருந்தது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழியே காலதர். பார்ப்பதற்காக அமைந்த துளையாக அதனை முன்னோர் கருதவில்லை என்பதனைப் பெயரே காட்டுகின்றது. திசைக்கொரு பெயராகக் கொண்டல், தென்றல், கோடை, வாடை என்று காற்றைப் பிரித்தறிந்த மொழி இது. ஆயினும் ஒரு குறை உண்டு. அல்லது குறை போன்ற ஒரு நிறை உண்டு. அசையும் காற்றுக்கும் அசையாது நிற்கும் காற்றுக்கும் பேச்சுத்தமிழில் ஒரே சொல்தான். ‘காற்றே இல்லை’ என்று மாணவன் முறையிடுகையில், மூச்சுக்குரிய காற்று கெட்டுவிட்டது என்று அவன் சொல்வதில்லை. வீசுங்காற்று இல்லை என்கிறான். ‘புழுக்கம்’ என்னும்போது வெப்பம், ஈரம், அசைவின்மை மூன்றையும் ஒருங்கே சுட்டுகிறான். வகுப்பறைக் காற்று நன்றாக இருக்கிறதா என்று அவனைத் தமிழில் வினவினால், விசிறி சுழல்கிறதா என்பதற்கே விடை வரும்.

விசிறியோ புதுக்காற்றைக் கொணர்வதன்று. இருக்கும் காற்றைக் கலக்கி உடல்மேல் ஓட்டுவதே அதன் பணி. வியர்வை உலர்கிறது, உடல் குளிர்கிறது, காற்று புதிதாயிற்று என்று உள்ளம் நம்புகிறது. சன்னலையெல்லாம் சாத்திவிட்டு விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டாலும் அந்த நம்பிக்கை குறைவதில்லை.

இந்த நம்பிக்கைக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அளந்து காட்டியவர் செருமானிய அறிஞர் பெட்டன்கோஃபர். மூச்சினால் கெட்ட காற்றுக்குக் கரியமில வாயுவை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்றும், பத்தாயிரம் பங்கு காற்றில் அது பத்துப் பங்கைத் தாண்டலாகாது என்றும் 1858 இல் அவர் வரையறுத்தார். அவ்வளவில் அவ்வாயு தானே நஞ்சன்று; மனிதர் மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது சான்று. இன்றைய கணக்கில் பத்து இலட்சத்தில் 1,000 பங்கு என வழங்கும் எல்லை அவர் இட்டதே. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பத்து மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உடைய அறையின் கொள்ளளவு 270 கன மீட்டர். நாற்பது மாணவர் அதில் அமர்ந்திருக்க, ஒவ்வொருவரும் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகின்றனர் எனக் கொள்வோமாயின், அறை முற்றிலும் அடைபட்ட நிலையில், வெளிக்காற்றின் அளவான சுமார் 420 இலிருந்து 1,000 ஐக் கடப்பதற்கு இருபது நிமிடம் கூட வேண்டியதில்லை. ஒரு பாடவேளையின் பாதிக்குள் எல்லை கடந்துவிடும். எந்த அறையும் முற்றிலும் அடைபடுவதில்லை என்பதே பிள்ளைகளைக் காத்துவருகிறது.

பெட்டன்கோஃபருக்கு அடுத்த ஆண்டே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் பணி பற்றிய தம் நூலை வெளியிட்டார். உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைப் போலவே தூயதாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நூலின் முதல் நெறி. வெப்பமானியைப் போல் எவரும் எளிதில் கையாளக்கூடிய காற்றுச் சோதனைக் கருவி ஒன்று வேண்டும் என ஏங்கிய அவர், அக்கருவியை வைக்கத்தக்க இடங்களுள் நெருக்கடி மிகுந்த ‘நேஷனல்’ பள்ளியையும் குறிப்பிடுகிறார். அப்பள்ளிகளுக்கும் தமிழகத்துக்கும் ஓர் உறவுண்டு. 1789 இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, ‘சென்னை முறை’ எனப் பெயரிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 1811 இல் தோன்றிய தேசியக் கழகத்தின் பள்ளிகள் அம்முறையில் நடந்தன. ஓர் ஆசிரியர், ஒரு பெருங்கூடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். திண்ணையிலும் மரநிழலிலும் நடந்த பாடத்தில் மாணவர் எத்தனை பேர் கூடினும் காற்றுக்குக் கேடில்லை. முறை மட்டும் கப்பலேறிற்று, திண்ணை ஏறவில்லை. குளிருக்கு அஞ்சிச் சன்னலை மூடிய கூடத்தில் அதே கூட்டம் அமர்ந்தபோது நேர்ந்ததைத்தான் அம்மையார் கண்டு மனம் வெதும்பினார்.

ஆயின், அக்கூடத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகள் ஏன் முறையிடவில்லை? இவ்வினாவுக்கு விடை கிடைக்க 1936 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யாக்லோ என்பவரும் அவர்தம் துணைவரும் பள்ளிப்பிள்ளைகளையும் பெரியவர்களையும் அறையில் அமர்த்தி, காற்றோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். காற்றின் மணத்தை மதிப்பிடும் பொறுப்பை அறைக்குள் இருந்தவர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், தூய காற்றிலிருந்து வந்து நுழையும் நடுவர்களிடம் ஒப்படைத்தனர். காரணம் எளியது. மூக்கு விரைவில் பழகிவிடுகிறது. சில நிமிடங்களில் மணம் மறைந்துவிடும். காற்று மட்டும் அப்படியே இருக்கும். இருப்பவனுக்கு இல்லாத மணம் வருபவனுக்கு உண்டு. இடைவேளை முடிந்து திரும்பும் மாணவன் வாயிலில் முகஞ்சுளிப்பதும், தன் இடத்தில் அமர்ந்து ஏட்டைத் திறப்பதற்குள் அதனை மறந்துவிடுவதும் எந்த ஆசிரியரும் கண்டதே. உலகின் பல நாடுகளில் கட்டடக் காற்றோட்ட விதிகள் இந்த வந்துநுழைவோரின் மூக்கை அடிப்படையாகக் கொண்டே நெடுங்காலம் வகுக்கப்பட்டன.

வெப்ப நாட்டில் சிக்கல் இரட்டிக்கிறது. டென்மார்க்கின் ஃபாங்கரும் உடனாய்வாளரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பை வெளிப்படுத்திற்று. ஒரே காற்று, ஒரே மாசு. குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கையில் அதனை மக்கள் புதுக்காற்று என மதித்தனர். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தவுடன் கெட்ட காற்று என்றனர். இதனைச் சிங்கப்பூரில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பிரதமரானவுடன் தாம் செய்த முதற்காரியங்களுள் ஒன்று அரசு அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தியதே என்று லீ குவான் யூ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அலுவலகத்துக்கு வந்த குளிர் பள்ளிகளின் கணினிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் வந்தது. பெரும்பாலான வகுப்பறைகளுக்கு வரவில்லை. சுவரில் மாட்டும் சிறு குளிர்சாதனம் அறைக்காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் அறைக்குள் விடுகிறது. வெளிக்காற்று ஒரு துளியும் அதன்வழி நுழைவதில்லை. ஆகவே தேங்கிய மூச்சு குளிர்ந்து வருகையில் மாணவன் அதனைத் தூய்மை என்கிறான். நடைக்கூடத்திலிருந்து வரும் தூய, வெப்பமான காற்றைப் புழுக்கம் என்கிறான். இரு தீர்ப்பும் பிழை. அலுவலகங்களுக்கான உட்காற்று வழிகாட்டி 1996 இலும், குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்கான தேசியத் தரநெறி 2009 இலும் வந்தமைக்கு இத்தகைய பிழையும் ஒரு காரணம் எனலாம். உடல் எச்சரிக்காத இடத்தில் கருவிதான் எச்சரித்தல் வேண்டும்.

எனினும், மாணவரின் உணர்வு முற்றிலும் நம்பத்தகாதது என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கிளமெண்டியை அடுத்த கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் வோங் நியுக் ஹியென், கூ ஷான் ஷான் ஆகியோர், விசிறி மட்டுமே உள்ள வகுப்பறைகளில் பாடம் நடக்கும்போதே கருவியால் அளந்தும் மாணவரை வினவியும் ஆய்ந்து 2003 இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்கப் பொறியாளர் கழகத்தின் நெறிமுறை வகுத்த இதமான எல்லைக்குள் ஓர் அறை கூட அடங்கவில்லை. நெறிமுறைப்படி பார்த்தால் பிள்ளைகள் அனைவரும் வருந்திக்கொண்டிருக்க வேண்டும். அவர்களோ 27.1 முதல் 29.3 பாகை வரையுள்ள வெப்பத்தை ஏற்கத்தக்கது என்றனர். சூடுமில்லை குளிருமில்லை என்று அவர்கள் கருதிய நிலை 28.8 பாகை. குளிர்நாட்டு அளவுகோல் இந்நாட்டுப் பிள்ளையின் உடலை அளக்கவில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை மாணவனின் சொல் நூலைத் திருத்தியது. மூச்சுக்காற்றைப் பொறுத்தவரை கருவி மாணவனைத் திருத்துகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்வதனால்தான், வெப்பம் என்ற முறையீட்டுக்குச் சன்னலை மூடிக் குளிர்சாதனம் பொருத்துவதே விடை என்று பலரும் எண்ணுகின்றனர்.

சன்னலை மூடுவதா திறப்பதா என்னும் வினா, அண்டை நாட்டுக் காடுகள் எரிந்தபோது உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1997 செப்டம்பரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 226 ஐத் தொட்டது. 2013 ஜூன் 21 இல் 401 ஐ எட்டியது. அப்போது பள்ளி விடுமுறை. 2015 இல் அவ்வாறு தப்பிக்க இயலவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளாகிய செப்டம்பர் 24 அன்று மாலை அறிவிப்பு வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. புகைமூட்டத்துக்காகச் சிங்கப்பூரில் பள்ளிகள் அவ்வாறு மூடப்பட்டது அதுவே முதன்முறை.

புகை மூக்குக்குத் தெரியும், கண்ணுக்கும் தெரியும். எரிந்த மணம் நடைக்கூடமெங்கும் பரவியபோது எவரும் கருவியைத் தேடவில்லை. இங்கேதான் பழைய வரைபடம் தோற்றது. காற்று நுழைய வேண்டும் என்று இருபுறமும் திறந்துவைத்த கட்டடத்தில் புகையும் தாராளமாக நுழைந்தது. சன்னல்களைச் சாத்தினர். புகை ஓரளவு குறைந்தது, வெப்பம் ஏறியது, நாற்பது பேரின் மூச்சும் உள்ளேயே நின்றது. அதன்பின் பள்ளிகளுக்குக் காற்றுத் தூய்மிப்பிகள் வழங்கப்பட்டன. அவை நுண்துகளை வடிகட்டும். கரியமில வாயுவை வடிகட்டா. பச்சை விளக்கு எரிகையில் அறைக்காற்று நன்று என்று மாணவன் நம்புவது, விசிறி பற்றிய பழைய நம்பிக்கையின் மறுபிறவியே.

ஐந்தாண்டுகள் கழிந்தன. கொவிட்-19 பெருந்தொற்று வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல் பாடம் முழுவதும் வீட்டுக்குச் சென்றது. 2021 மே 19 முதல் சில நாள் மீண்டும் அவ்வாறே. நோய்க்கிருமி மூச்சுத்துளியோடு காற்றில் மிதப்பது உறுதிப்பட உறுதிப்பட, மூடு என்ற கட்டளை திற என்று மாறியது. கட்டடக் காற்றோட்டத்தைக் கூட்டுதல் பற்றிய அரசு வழிகாட்டி 2021 இல் வெளிவந்தது. புகைக்காலத்தில் பகையாயிருந்த சன்னல் தொற்றுக்காலத்தில் காவலனாயிற்று. 2015 இல் தொடக்கநிலை ஒன்றில் இருந்த பிள்ளை 2020 இல் தொடக்கநிலை ஆறில் இருந்தது. ஒரே பள்ளி வாழ்வில் ஒரே சன்னலைப் பற்றி இரண்டு எதிரான பாடங்களை அப்பிள்ளை கற்றது. இரண்டுமே சரியான பாடங்கள் என்பதுதான் கடினம்.

கிளமெண்டியில் மூன்றாவது தடையொன்றும் உண்டு. 1988 மார்ச்சில் பெருவிரைவு ரயில் இந்நகர்க்கு வந்தது. அது தரைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. தெற்கே விரைவுச்சாலை. சன்னல் திறந்தால் காற்றோடு இரைச்சலும் வருகிறது. மாணவர்க்குக் காற்றின் கேடு புலப்படாது; ஆசிரியரின் குரல் கேட்காமை உடனே புலப்படும். ஆதலால் சன்னலை மூடும் கை இரைச்சலுக்காகவே மூடுகிறது. காற்று பேசாமல் தோற்கிறது. 2023 மே 13 இல் தீவின் வெப்பம் 37 பாகையைத் தொட்டு 1983 இன் உச்சத்தோடு சமமாயிற்று. அவ்வெப்பத்தில் பள்ளிகள் சில உடற்பயிற்சி உடையிலேயே வகுப்பில் அமர மாணவரை அனுமதித்தன. எளிய செயல், ஆனால் அறையை மூடாமல் உடலுக்கு இதமளித்த செயல்.

டென்மார்க்கில் 2009 இல் நடந்தது வேறு வகை. நாடெங்கும் மாணவர்களே தம் வகுப்பறைகளில் கரியமில வாயுவை அளந்தனர். பாதிக்கு மேற்பட்ட அறைகள் பெட்டன்கோஃபரின் எல்லையைக் கடந்திருந்தன. அதே நாட்டில் வர்காக்கி, வயன் என்னும் ஆய்வாளர் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடையே நடத்திய சோதனையில், வெளிக்காற்றின் வரத்தைக் கூட்டியபோது கணக்கும் வாசிப்பும் விரைவுபட்டன. மாற்றம் விடைத்தாளில் தெரிந்தது. நைட்டிங்கேல் அம்மையார் ஏங்கிய கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது, விலையும் எட்டாததன்று.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடவேளை வரும்போது வகுப்பு பிரிகிறது. தமிழ் மாணவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறோர் அறைக்கு நடக்கின்றனர். சிறு எண்ணிக்கையினர் ஆகையால் அவர்க்கு வாய்ப்பது பெரும்பாலும் சிறு அறை. தம் பள்ளியில் தமிழ் இல்லாதோர் பள்ளி முடிந்தபின் வேறு பள்ளியின் தமிழ் நிலையத்துக்கும் செல்கின்றனர். பகல் முழுதும் பிறர் மூச்சுவிட்ட அறை அது. நடைக்கூடத்தின் வெளிக்காற்றிலிருந்து வந்து வாயிலில் நிற்கும் அம்மாணவரும் அவர்தம் ஆசிரியரும், யாக்லோ 1936 இல் அமர்த்திய நடுவரின் இடத்தில் நிற்கின்றனர். வருகைப் பதிவு முடிவதற்குள் அவர் மூக்கும் பழகிவிடும். சன்னலைத் திறக்க வேண்டும் என்று தோன்றும் நேரம் அதற்கு முந்திய ஓரிரு நிமிடம்தான்.